ஆர் மொழியில் வெக்டர்: உருவாக்குவது முதல் சத்தமில்லாத தவறுகளைப் பிடிப்பது வரை

புள்ளியியலுக்கான நிரல் மொழியான ஆரின் கன்சோலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், 5 என்று தட்டி என்டர் அழுத்தினால் வருவது வெறும் 5 அல்ல, [1] 5. முன்னால் நிற்கும் அந்த [1], "இந்த வரியில் முதலில் இருப்பது 1ஆவது உறுப்பு" என்று சொல்கிறது. ஆர் மொழியில் தனி எண் என்று எதுவும் கிடையாது. ஒரே வகை உறுப்புகளின் வரிசைதான் வெக்டர்; ஒற்றை எண்ணும் ஓர் உறுப்பு கொண்ட வெக்டர்தான்.

இது பரம்பரைக் குணம். 1976இல் பெல் லேப்ஸில் ஜான் சேம்பர்ஸும் உடன் பணியாற்றியவர்களும் தொடங்கிய எஸ் என்னும் புள்ளியியல் மொழிதான் ஆருக்கு மூதாதை. அளவீடுகளை ஒவ்வொன்றாக அல்லாமல் வரிசை வரிசையாகக் கையாளுவது அதன் அடிப்படை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் அதே பாணியில் ஆரை உருவாக்கினார்கள், 1.0.0 பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளிவந்தது.

வேறு மொழியிலிருந்து வருபவர்களை ஆர் தடுக்கி விழவைப்பது இலக்கணத்தால் அல்ல. தவறு செய்தாலும் பல இடங்களில் அது பிழை காட்டாது. ஏதோ ஒரு விடையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் செய்முறையோடு, ஆர் எங்கே வாயைத் திறக்காது என்பதையும் பார்ப்போம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். கட்டளைப் பெயர்களை இங்கே ஒலிப்புப்படி எழுதியிருக்கிறோம். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவும்: 'சி' என்றால் அந்த ஒற்றை எழுத்து, 'லெங்த்' என்றால் அந்த முழுச் சொல். ட்ரூ (உண்மை), ஃபால்ஸ் (பொய்), என்ஏ (தெரியாத மதிப்பு), நல் (வெறுமை) ஆகிய நான்கும் மட்டும் பெரிய எழுத்தில். ஆனால் இஸ்.என்ஏ, என்ஏ.ஆர்எம் போல வேறொரு பெயருக்குள் வரும் 'என்ஏ' சிற்றெழுத்துதான். பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் ஆருக்கு வெவ்வேறு. மாறிகளின் பெயர்களையும் ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது.

படி 1: உருவாக்குதல்

ஒரு வாரத்தின் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம், திங்கள் முதல் ஞாயிறு வரை:

    வெப்பம் <- சி(31, 34, 29, 36, 33, 30, 35)

'சி' உறுப்புகளை ஒன்றாகக் கோக்கிறது; <- அதை வெப்பம் என்ற மாறியில் போடுகிறது. ஏற்கெனவே இருக்கும் வெக்டர்களையும் இதே 'சி' ஒட்டும். ஆனால் வெக்டருக்குள் வெக்டர் உருவாகாது, எல்லாம் தட்டையாக ஒரே வரிசையாகிவிடும். சி(1, சி(2, 3)) என்பதும் சி(1, 2, 3) என்பதும் ஒன்றே.

தொடர் எண்களுக்கு முக்காற்புள்ளி: 1:7. இறங்கு வரிசைக்கு 7:1. இடைவெளி வேண்டுமானால் சீக்(0, 1, பை = 0.25). திரும்பத் திரும்ப வேண்டுமானால் ரெப். ரெப்(சி(1, 2), டைம்ஸ் = 3) தருவது 1 2 1 2 1 2. டைம்ஸுக்குப் பதில் ஈச் போட்டால் 1 1 1 2 2 2. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர் குறைவு; ஒருமுறை அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

முக்காற்புள்ளியில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, அது கழித்தலுக்கு முன்பே இயங்கிவிடும். என் என்ற மாறியில் 7 இருந்தால் 1:என்-1 தருவது 1 முதல் 6 அல்ல; 1:7 உருவாகி, அதில் ஒவ்வொன்றிலும் 1 கழிந்து 0 முதல் 6 வரை வருகிறது. இதை, எத்தனையாவது உறுப்பு வேண்டும் என்று சொல்லும் இட எண்ணாகக் கொடுத்தால் ஆர் 0ஐ ஓசையில்லாமல் தள்ளிவிட்டு மீதி ஆறையும் சரியாகவே தரும். அதனால் இந்தப் பிழை மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, லூப்புக்குள் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதிக்குள்) போகும் அன்றைக்குத்தான் தலைகாட்டும். 1:(என்-1) என்று அடைப்புக்குறி போடுங்கள்.

இரண்டாவது, காலி வெக்டர். லெங்த் உறுப்புகளின் எண்ணிக்கையைத் தரும். 1:லெங்த்(எக்ஸ்) என்று லூப் எழுதும்போது எக்ஸ் காலியாக இருந்தால் 1:0 ஆகிறது. அது வெறுமை அல்ல; 1, 0 என்ற இரண்டு உறுப்புகள். ஒருமுறைகூட ஓடக்கூடாத லூப் இருமுறை ஓடும். சீக்_அலாங்(எக்ஸ்) அல்லது சீக்_லென்(என்) பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை.

படி 2: வகையைச் சரிபார்த்தல்

ஒரு வெக்டரில் எல்லா உறுப்புகளும் ஒரே வகையாகத்தான் இருக்க முடியும். கலந்து கொடுத்தால் ஆர் மறுக்காது; எல்லாவற்றையும் தாங்கக்கூடிய வகைக்கு மாற்றிவிடும். ஏறுவரிசை இது: உண்மை/பொய், முழு எண், தசம எண், எழுத்து. ஒரே ஒரு எழுத்து உறுப்பு நுழைந்தால் மொத்த வெக்டரும் எழுத்தாகிவிடும்.

    அளவு <- சி(9, 10, "இல்லை")
    டைப்ஆஃப்(அளவு)

விடை கேரக்டர், அதாவது எழுத்து. எச்சரிக்கை எதுவும் வராது. கூட்டல் போட்டால் பிழை வரும், அது நல்லதுதான். ஒப்பிடும்போதுதான் ஆபத்து. "9", "10" இரண்டையும் எழுத்தாக வைத்து மேக்ஸ் கேட்டால் "9"தான் வரும், ஏனென்றால் அகராதி வரிசையில் 9க்கு முன்னால் 1 வருகிறது.

எண்ணாகத் திருப்ப அஸ்.நியூமெரிக்(அளவு). மாற்ற முடியாதவை என்ஏ ஆகும். இதற்கு எச்சரிக்கை உண்டு. அந்த எச்சரிக்கையை மூடி மறைக்காமல், எந்த இடம் என்ஏ ஆனது என்று பாருங்கள். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இட்ட "12,5" போன்றவை பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

வகைப்பெயர்களை வரிசை எண்களாகச் சேமிக்கும் ஃபேக்டர் என்னும் வகை இன்னும் வஞ்சகமானது. ஃபேக்டர்(சி("31", "34", "29")) என்பதை நேரடியாக அஸ்.நியூமெரிக் செய்தால் கிடைப்பது 2 3 1. அவை வெப்பநிலை அல்ல. 29, 31, 34 என்ற நிலைகளின் வரிசை எண்கள். முதலில் அஸ்.கேரக்டர், பிறகு அஸ்.நியூமெரிக் என்று இரு தாவலாகப் போக வேண்டும். 2020இல் வந்த 4.0.0 பதிப்புக்கு முன், கோப்பிலிருந்து அட்டவணையைப் படிக்கும்போது எழுத்து நிரல்களை ஆர் தானாகவே ஃபேக்டராக்கிவிடும். பழைய நிரல்களைத் திறப்பவர்கள் இதை நினைவில் வைக்கவும்.

இன்னொன்று: 1:7 முழு எண் வகை, சி(31, 34) தசம வகை. சாதாரணமாக இந்த வேறுபாடு உறுத்தாது. ஆனால் முழு எண்ணின் உச்சம் 2147483647. முழு எண் வகையிலேயே அதைத் தாண்டினால் விடை என்ஏ, கூடவே எச்சரிக்கை.

படி 3: உறுப்புகளை எடுத்தல்

ஆரில் இட எண் 1இலிருந்து தொடங்கும். சதுர அடைப்புக்குள் மூன்று வகையில் கேட்கலாம்: எண்ணால், நிபந்தனையால், பெயரால்.

    வெப்பம்[3]
    வெப்பம்[சி(1, 7)]
    வெப்பம்[-1]

விடைகள் முறையே 29, 31 35, முதல் உறுப்பு நீங்கிய மீதி ஆறு. பைத்தானில் -1 என்றால் கடைசி உறுப்பு. இங்கே "1ஆவதைத் தவிர்" என்று பொருள். கடைசி உறுப்புக்கு டெயில்(வெப்பம், 1). நேர் எண்ணையும் எதிர் எண்ணையும் ஒரே அடைப்பில் கலந்தால் பிழை.

இல்லாத இடத்தைக் கேட்டால்? வெப்பம்[10] பிழை தராது, என்ஏ தரும். வெப்பம்[0] காலி வெக்டர் தரும். தசம எண்ணைக் கொடுத்தால் பின்னத்தை வெட்டிவிடும், வெப்பம்[1.9] என்றால் முதல் உறுப்பு. இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் இட எண்ணைக் கணக்குப் போட்டு எடுக்கும்போது வலிக்கும்: (1 - 0.9) * 10 என்பது கணினியில் 1 அல்ல, 1க்கு ஒரு மயிரிழை குறைவு. வெட்டியதும் 0 ஆகிவிடும், கைக்கு ஒன்றும் வராது. கணக்கிட்ட இட எண்ணை ரவுண்ட் செய்த பிறகே கொடுங்கள்.

நிபந்தனை முறைதான் ஆரின் உயிர்நாடி.

    வெப்பம் > 33
    வெப்பம்[வெப்பம் > 33]

முதல் வரி ஏழு ட்ரூ/ஃபால்ஸ் தருகிறது. இரண்டாவது, ட்ரூ உள்ள இடங்களை மட்டும்: 34 36 35. ட்ரூ என்பது கணக்கில் 1, ஃபால்ஸ் 0 என்பதால் சம்(வெப்பம் > 33) எத்தனை நாள் என்று சொல்லும், விடை 3. மீன்(வெப்பம் > 33) எத்தனை பங்கு என்று சொல்லும், விடை 0.4285714. எண்ணுவதற்கு லூப் எழுதுகிறவர்களின் கையைப் பிடித்து நிறுத்த வேண்டிய இடம் இதுதான். இரண்டு நிபந்தனைகளைச் சேர்க்க ஒற்றை & (மற்றும்), ஒற்றை | (அல்லது). இரட்டை && ஒரே ஒரு விடைக்கானது; 4.3.0 பதிப்பிலிருந்து நீள வெக்டரை அதில் கொடுத்தால் பிழை.

எதிர் எண்ணோடு ஒப்பிடும்போது இடைவெளி விடுங்கள். எக்ஸ்[எக்ஸ்<-2] என்று ஒட்டி எழுதினால் "எக்ஸ் -2ஐவிடக் குறைவா" என்று ஆர் படிக்காது; "எக்ஸில் 2ஐப் போடு" என்று படிக்கும். உங்கள் தரவு போய், எக்ஸ் என்பது 2 ஆகியிருக்கும். எக்ஸ் < -2 என்று எழுதினால் போதும்.

பெயர் வைக்க:

    நேம்ஸ்(வெப்பம்) <- சி("திங்கள்", "செவ்வாய்", "புதன்", "வியாழன்", "வெள்ளி", "சனி", "ஞாயிறு")
    வெப்பம்["புதன்"]

பெயரைத் தவறாகத் தட்டினால் ஒற்றை அடைப்பு என்ஏ கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். இரட்டைச் சதுர அடைப்பு, வெப்பம்[["புதன்"]], பெயர் இல்லையென்றால் பிழை காட்டும். ஒரே ஓர் உறுப்புதான் வேண்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் இரட்டை அடைப்பே உத்தமம்.

படி 4: மாற்றுதல், சேர்த்தல், நீக்குதல்

கீழே வரும் ஒவ்வொரு எடுத்துக்காட்டும், அடுத்து வரும் படிகளும் படி 1இல் உருவாக்கிய அசல் ஏழு எண்களிலிருந்தே தொடங்குகின்றன. மாற்ற, வெப்பம்[3] <- 28. நிபந்தனையோடும் செய்யலாம்: வெப்பம்[வெப்பம் > 35] <- 35. நடுவில் செருக அப்பெண்ட்(வெப்பம், 32, ஆஃப்டர் = 3). இது புதிய வெக்டரைத் திருப்பித் தருமே தவிர, பழையதைத் தொடாது. விடையை மறுபடி மாறியில் போட மறந்துவிட்டு "ஏன் சேரவில்லை" என்று தேடுவது எல்லாருக்கும் நேர்வது.

ஏழு உறுப்புள்ள வெக்டரில் வெப்பம்[10] <- 40 என்றால் பிழை வராது. நீளம் 10 ஆகி, 8ஆவதும் 9ஆவதும் என்ஏ ஆகும்.

நீக்க, வெப்பம் <- வெப்பம்[-3]. வெவ்வேறு வகை உறுப்புகளைத் தாங்கும் லிஸ்ட் வகையில் செய்வதுபோல நல் போட்டு நீக்க முயன்றால் பிழைதான் வரும். இங்கே ஆரின் மிக மோசமான பொறி ஒன்று இருக்கிறது:

    வெப்பம்[-விச்(வெப்பம் > 50)]

50க்கு மேற்பட்டதை நீக்கச் சொல்கிறோம். அப்படி எதுவும் இல்லை. ஆகவே ஏழும் அப்படியே வரவேண்டும். வருவதோ காலி வெக்டர். விச் என்பது ட்ரூ உள்ள இட எண்களைத் தருவது; இங்கே எதையும் காணாமல் வெறுமையைத் தருகிறது. வெறுமைக்கு முன் கழித்தல் குறி போட்டாலும் வெறுமைதான். வெறுமையை இட எண்ணாகக் கொடுத்தால் எதுவும் எடுக்கப்படாது. நீக்க வேண்டியது ஏதாவது இருக்கும் வரை இந்த வரி ஒழுங்காக வேலை செய்யும், இல்லாத நாளில் தரவு முழுவதையும் விழுங்கும். விச் இல்லாமல், 'அல்ல' என்று பொருள்படும் ! குறியோடு வெப்பம்[!(வெப்பம் > 50)] என்று எழுதுங்கள்.

படி 5: கணக்கும், நீளம் பொருந்தாத வெக்டர்களும்

கணக்குகள் உறுப்புக்கு உறுப்பு நடக்கும். வெப்பம் * 9 / 5 + 32 என்ற ஒரே வரி ஏழு நாளையும் ஃபாரன்ஹீட்டாக்கிவிடும்: 87.8 93.2 84.2 96.8 91.4 86.0 95.0. நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டுக்கு டிஃப்(வெப்பம்): 3 -5 7 -3 -3 5. ஏழு உறுப்பிலிருந்து ஆறுதான் வரும் என்பதைக் கவனியுங்கள். இதைப் பழைய வெக்டரோடு சேர்த்துக் கணக்கிட்டால் அடுத்துச் சொல்லப்போகும் சிக்கலில் மாட்டுவீர்கள்.

நீளம் வேறுபட்ட இரு வெக்டர்களைச் சேர்த்தால் ஆர் குட்டையானதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி நீட்டிக்கொள்ளும். 1:6 + சி(10, 20) தருவது 11 22 13 24 15 26. நீளம் சரியாக வகுபடாவிட்டால் எச்சரிக்கை வரும், ஆனாலும் விடையைக் கொடுத்துவிடும். வகுபட்டால் எச்சரிக்கைகூட இல்லை.

இது எங்கே கடிக்கும்? இரண்டு வார நாள்பெயர்கள், 14 உறுப்பு, திங்களில் தொடங்குகிறது. வார இறுதியைப் பிடிக்க ஒருவர் இப்படி எழுதுகிறார்:

    நாள் == சி("சனி", "ஞாயிறு")

ஒற்றைப்படை இடங்கள் "சனி"யோடும் இரட்டைப்படை இடங்கள் "ஞாயிறு"வோடும் ஒப்பிடப்படுகின்றன. முதல் வாரச் சனி 6ஆவது இடம், அது ஒப்பிடப்படுவது ஞாயிறோடு. ஞாயிறு 7ஆவது இடம், ஒப்பிடப்படுவது சனியோடு. இரண்டும் ஃபால்ஸ். இரண்டாம் வாரத்தில் 13, 14 என்று இடம் மாறுவதால் இரண்டும் ட்ரூ. நான்கில் இரண்டு மட்டும் கிடைக்கும். 14 என்பது 2ஆல் வகுபடுவதால் எச்சரிக்கையும் கிடையாது. பாதி சரியான விடையைப்போல ஏமாற்றுவது வேறில்லை. "இந்தப் பட்டியலில் இருக்கிறதா" என்று கேட்க வேண்டிய குறி வேறு:

    நாள் %இன்% சி("சனி", "ஞாயிறு")

ஒப்பிடுதலில் இன்னொரு பழைய சங்கடம் தசமம். சீக்(0, 1, பை = 0.1) வெக்டரின் 4ஆவது உறுப்பு திரையில் 0.3 என்றே தெரியும், 0.3க்குச் சமமா என்று == போட்டால் ஃபால்ஸ். 0.1ஐ இரும எண்ணில் துல்லியமாக எழுத முடியாததுதான் காரணம். ஆல்.ஈக்வல் நுண்ணிய வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும், அதன் விடை ஃபால்ஸ் ஆகாமல் விளக்கவுரையாக வரலாம் என்பதால் இஸ்ட்ரூ(ஆல்.ஈக்வல்(அ, ஆ)) என்று சுற்றிக்கொள்ளுங்கள். ரவுண்ட்(2.5) 2 என்று வந்தாலும் திகைக்க வேண்டாம்; சரிபாதியை இரட்டைப்படை எண்ணை நோக்கித் தள்ளுவது அதன் விதி.

படி 6: சுருக்கமும் என்ஏவும்

சம் (கூட்டல்), மீன் (சராசரி), மீடியன் (நடுமதிப்பு), மின் (சிறுமம்), மேக்ஸ் (பெருமம்), வார் (விலக்க வர்க்கச் சராசரி), எஸ்டி (திட்ட விலக்கம்) ஆகியவை பெயரைப்போலவே. நம் வாரத்துக்குக் கூட்டல் 228, சராசரி 32.57143, நடுமதிப்பு 33. வாரும் எஸ்டியும் உறுப்புகளின் எண்ணிக்கையால் அல்ல, அதைவிட 1 குறைந்த எண்ணால் வகுப்பவை.

மீன்(31, 34, 29) என்ன தரும்? 31. மீன் முதல் உள்ளீட்டை மட்டுமே தரவாகக் கொள்ளும். மற்றவை வேறு அமைப்புகளாகப் போய்விடும். சம்மும் மேக்ஸும் அப்படி இல்லை, கொடுத்த எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். இந்த முரண்பாட்டுக்கு நியாயம் சொல்ல முடியாது. எப்போதும் 'சி' போட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு.

என்ஏ என்றால் "மதிப்பு இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை". அதனால்தான் ஒரே ஒரு என்ஏ இருந்தாலும் சம் என்ஏ ஆகிறது. தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமா என்பதும் தெரியாது; எனவே என்ஏ == என்ஏ என்பதும் என்ஏதான். தேட இஸ்.என்ஏ(எக்ஸ்), எண்ண சம்(இஸ்.என்ஏ(எக்ஸ்)), விலக்கிக் கணக்கிட:

    மீன்(எக்ஸ், என்ஏ.ஆர்எம் = ட்ரூ)

எத்தனை விலகியது என்று எண்ணாமல் இதைப் போடுவது கெட்ட பழக்கம். ஆயிரத்தில் மூன்று போனால் பரவாயில்லை. அறுநூறு போயிருந்தால் அந்தச் சராசரிக்கு அர்த்தமில்லை. நிபந்தனையால் எடுக்கும்போதும் என்ஏ ஒட்டிக்கொண்டு வரும்: எக்ஸ்[எக்ஸ் > 33] விடையில் என்ஏக்களும் நிற்கும். எக்ஸ்[விச்(எக்ஸ் > 33)] அவற்றை விட்டுவிடும். விச் நீக்குவதற்குக் கெட்டது, எடுப்பதற்கு நல்லது.

நல் வேறு ஜாதி. அது வெறுமை, நீளம் 0. சி(1, என்ஏ, 2) மூன்று உறுப்பு, சி(1, நல், 2) இரண்டே உறுப்பு.

படி 7: வரிசைப்படுத்துதல்

சார்ட்(வெப்பம்) மதிப்புகளை அடுக்கித் தரும். என்ஏ இருந்தால் சொல்லாமல் கழித்துவிடும், நீளம் குறையும். ஆர்டர்(வெப்பம்) மதிப்பைத் தராது, எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்ற இட எண்களைத் தரும்: 3 6 1 5 2 7 4. என்ஏக்களைக் கடைசியில் வைக்கும். வெப்பமும் அதே நாட்களின் ஈரப்பதமும் போல இணையான இரு வெக்டர்கள் இருந்தால் ஆர்டர்தான் வேண்டும்:

    வ <- ஆர்டர்(வெப்பம்)
    வெப்பம்[வ]
    ஈரப்பதம்[வ]

ஒவ்வொன்றையும் தனித்தனியே சார்ட் செய்தால் திங்களின் வெப்பமும் வியாழனின் ஈரப்பதமும் ஜோடி சேர்ந்துவிடும். இறங்கு வரிசைக்கு டிக்ரீசிங் = ட்ரூ.

படி 8: லூப் தேவைப்படும்போது

உறுப்புக்கு உறுப்பு முடிவெடுக்க இஃப்எல்ஸ்(வெப்பம் > 33, "சூடு", "மிதம்"). சாதாரண இஃப் ஒரே ஒரு ட்ரூ/ஃபால்ஸுக்கானது. முன்பு நீள வெக்டரைக் கொடுத்தால் முதல் உறுப்பை மட்டும் பார்த்து எச்சரிக்கையோடு தாண்டிப் போகும். 2022இல் வந்த 4.2.0இலிருந்து அது பிழை.

முந்தைய விடையை நம்பி அடுத்த விடை வரும் இடங்களில் லூப் தவிர்க்க முடியாது. அப்போது விடைக்கான இடத்தை முன்கூட்டியே ஒதுக்குங்கள்: விடை <- நியூமெரிக்(1000), பிறகு உள்ளே விடை[ஐ] <- ... என்று நிரப்புங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விடை <- சி(விடை, புதியது) என்று வளர்த்தால், ஒவ்வொரு முறையும் முழு வெக்டரும் நகலெடுக்கப்படும். 1,00,000 சுற்றுக்கு ஏறக்குறைய 500 கோடி உறுப்பு நகல்கள்.

நிரலின் தொடக்கத்திலேயே, தரவு கைக்கு வந்தவுடன் இந்த மூன்று வரியை வைத்துவிடுங்கள். எது பொய்யானாலும் ஆர் அங்கேயே நின்று, எந்த நிபந்தனை தவறியது என்று சொல்லும்:

    ஸ்டாப்இஃப்நாட்(இஸ்.நியூமெரிக்(வெப்பம்))
    ஸ்டாப்இஃப்நாட்(லெங்த்(வெப்பம்) == லெங்த்(ஈரப்பதம்))
    ஸ்டாப்இஃப்நாட்(!எனி(இஸ்.என்ஏ(வெப்பம்)))

என்ஏ வரக்கூடிய தரவு என்றால் மூன்றாவது வரிக்குப் பதில் மீன்(இஸ்.என்ஏ(வெப்பம்)) < 0.05 போல, நீங்கள் பொறுத்துக்கொள்ளும் பங்கை எழுதுங்கள்.